ஒரே வயித்துல பொறந்தும் ஒறக்கம் மட்டும் வேற வேற

போன வைகாசியில எங்க ஊரு சொடலமாடன் கோயில் கொடை. திருநெல்வேலி ஜில்லா முக்கூடல் பக்கம், ஆத்தங்கரைய ஒட்டுன ஊரு, பேரச் சொன்னா சொந்தக்காரவுக எல்லாம் போன் போட்டு நிப்பாவ, அதனால வேண்டாம். வெள்ளிக்கிழமை காலைல ஆறு மணிக்கு அம்மா போட்ட ஒரே சத்தத்துல நானும் எங்க அண்ணனும் சேந்துதான் எந்திரிச்சோம். ராத்திரி வில்லடி, அது முடிஞ்சு கணியான் கூத்து, பன்னெண்டு மணிக்கு சாமக்கொடை, சாமி வேட்டைக்குப் போயிட்டுத் திரும்பி வாரதுக்குள்ள ரெண்டரை ஆயிட்டு, அதுக்குப் பெறகு படப்பு, கெடாக்கறி பங்கு வைக்கதுன்னு விடியவிடிய வேல. ரெண்டு பேரும் ஒரு பொட்டு கண்ண மூடல.

காலைல அண்ணன் ஆத்துல ரெண்டு முங்கு முங்கிட்டு வந்தான், சாரத்த மாத்துனான், வண்டிய எடுத்துட்டு ஆலங்குளத்துக்கு லோடு ஏத்தப் போயிட்டான். விசில் அடிச்சிக்கிட்டே போனான், அதுதான் எனக்கு எரிச்சல். நான் பெரியப்பாவுக்கு டீ போட்டுக் கொண்டாறேன்னு அடுக்களைக்குப் போனேன். பால் பொங்குச்சு, தேயில போட்டேன், சீனி போட்டேன், எல்லாம் சரியாத்தான் போச்சு, வடிகட்டும்போது டீய அப்படியே அங்கணக்குழியில ஊத்திட்டு வடிகட்டியில நின்ன சக்கைய டம்ளர்ல தட்டிக் கொண்டுபோயி பெரியப்பா கையில கொடுத்துட்டு வந்துட்டேன். அவுக டம்ளரப் பாக்காவ, என்னையப் பாக்காவ, மறுபடி டம்ளரப் பாக்காவ. அம்மா தலையில அடிச்சிக்கிட்டா. "ஒரே வயித்துலதான ரெண்டையும் பெத்தேன், ஒண்ணு கோட்டான், ஒண்ணு சீக்குக் கோழி"ன்னா.

சிரிச்சாவ எல்லாரும், நானும் சிரிச்சேன், ஆனா இந்தப் பேச்ச சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளந்தவளுக்கு உள்ள கொஞ்சம் சுருக்குன்னுதான் இருக்கும். நம்ம பக்கம் ஒறக்கம்னாலே மூதேவி கணக்கு. ஆம்பளப்பய விடிஞ்சு தூங்குனா "பாவம் ராத்திரி பூரா முழிச்சிருந்தான்", பொம்பளப்பிள்ள தூங்குனா "ஏட்டி மூதி, வாசல் தெளிக்க நேரமாச்சு". அது தனிக் கத, அதுக்குள்ள போனா இந்தப் பதிவு முடியாது.

நான் பாக்க வேல என்னன்னா வெளிநாட்டு ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ட வாசிச்சு ஒவ்வொரு நோய்க்கும் அதுக்கு உண்டான கோடு, அதாவது அடையாள நம்பர், போடுதது. இன்சூரன்சுக்குப் போற பில்லுக்கு அந்தக் கோடு வேணும். அதுல ஒறக்கத்துக்குன்னே ஒரு பெரிய வரிசை இருக்கு. ஒறக்கம் பத்தாததுக்கு இசட் 72.820. ஷிஃப்ட் வேலையால ஒறக்கம் கெட்டுப்போறதுக்கு ஜி 47.26. இந்த ரெண்டாவது கோட யார் யாருக்கோ போட்டுக்கிட்டு இருக்கும்போதே, ஏ இது நமக்குல்லா போடணும்னு ஒரு நாள் தோணுச்சு, அன்னைலேர்ந்து இது சம்பந்தமா கிடைக்கதெல்லாம் வாசிக்க ஆரம்பிச்சேன். டாக்டர் இல்ல நான், கோடு போடுதவதான், அத மனசுல வச்சுக்கிட்டு வாசிங்க.

மொதல்ல ஒறக்கம் எப்படி வருதுங்கத சொல்லிருதேன், இல்லைனா மிச்சம் புரியாது. நாம முழிச்சிருக்க ஒவ்வொரு மணி நேரமும் மூளை வேல பாக்குது, அந்த வேலைல அடினோசின்னு ஒரு பொருள் சேந்துக்கிட்டே வரும். அது சேரச்சேர நரம்பு செல்லு எல்லாம் மந்தமாகும், கண்ணு சொக்கும். தூங்குனா அது வடியும். இது ஒரு கணக்கு. இன்னொரு கணக்கு மூளைக்குள்ள இருக்க கடிகாரம், அது நீ தூங்குனியா தூங்கலையான்னு பாக்காது, அது பாட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு சுத்து சுத்தும். பகல்ல முழிக்கச் சொல்லும், ராத்திரி படுக்கச் சொல்லும், விடியக்காலம் மூணுலேர்ந்து ஆறு வர அது அடி மட்டத்துல கிடக்கும். 1982ல அலெக்சாண்டர் போர்பெலின்னு சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் இந்த ரெண்டு கணக்கையும் சேத்துத்தான் ஒறக்கத்த விளக்குனாரு, இன்னைக்கு வர அதுதான் அஸ்திவாரம்.

கொடைக்கு முழிச்சவுகளுக்கு இது சொல்லாமலே தெரியும். சாமக்கொடை வர ஒண்ணும் பண்ணாது, கொட்டுச் சத்தத்துல ஒடம்பே ஆடும். மூணரைக்கு மகுடக் கொட்ட அடிச்சா கூட காதுல விழாது, தூணு கிடைச்சா போதும்னு இருக்கும். ஆனா காலைல எட்டு மணிக்கு வெயில் மூஞ்சில பட்டதும் ஒரு தெளிவு வரும் பாருங்க, நாலு மணிக்கு செத்தவ எட்டு மணிக்கு பொழச்ச மாதிரி. ராத்திரி கடன் ஒரு பைசா அடையல, இன்னும் நாலு மணி நேரம் கூடத்தான் இருக்கு, ஆனா கடிகாரம் மேல ஏறிட்டு, அது தூக்கிப்பிடிக்கு. அந்தத் தெளிவ நம்பித்தான் நம்மாளுக "இப்ப சரியாயிட்டுல்லா"ன்னு பைக்க எடுக்கது.

இடையில ஒண்ணு. கொடையில ஒறக்கம் வராம இருக்க சுக்குக் காப்பி ஊத்துவாவ, அண்டா அண்டாவா. பேர்தான் காப்பி, எங்க ஊர்ல அதுல காப்பித்தூளே கிடையாது, சுக்கு, மல்லி, கருப்பட்டி அவ்ளோதான். காப்பியிலயும் தேயிலையிலயும் இருக்க கஃபீன் என்ன பண்ணுதுன்னா அடினோசின் போயி ஒக்காருத எடத்துல தான் போயி ஒக்காந்துக்கிடும், அதனாலதான் ஒறக்கம் தெரியாம இருக்கு, அடினோசின் எங்கயும் போயிரல, வெளிய வரிசைல நிக்கு. சுக்குக் காப்பிக்கு அந்த வேலையெல்லாம் தெரியாது. தொண்டைக்கு எதமா இருக்கும், கருப்பட்டி கொஞ்சம் தெம்பு கொடுக்கும். நானும் அத அஞ்சு டம்ளர் குடிச்சிட்டு ஏன் இன்னும் ஒறக்கம் வருதுன்னு முழிச்சவதான்.

சரி, டீ சக்கைக்கு வாரேன். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு, நடந்துதான் போனேன், கை பழக்கத்துல வேல பாத்துச்சு, எங்க போச்சு புத்தி? 2011ல எலிகள வச்சு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு. தூங்க விடாம ரொம்ப நேரம் முழிக்க வச்ச எலி, பாத்தா நல்லா முழிச்சு ஓடியாடிக்கிட்டு இருக்கு, ஆனா மூளைக்குள்ள அங்கங்க சில செல்லுக கொஞ்ச நேரம் மட்டும் அணைஞ்சு அணைஞ்சு எரியுது, தூக்கத்துல அணையுத மாதிரியே. சீனி உருண்டைய கை நீட்டி எடுக்க அந்த எலிக்குப் பழக்கி வச்சிருந்தாவ, கையை ஆட்டுத பகுதியில செல்லு அணைஞ்ச நேரம் பாத்து கை தவறிப்போகுது. ஆளு முழிப்பு, மூளையில ஒரு மூலை மட்டும் ஒறக்கம். இத வாசிச்சதும் எனக்கு பெரியப்பா டம்ளர் ஞாபகம் வரல, எங்க அம்மாவோட சொளவுதான், அதான் மொறம், ஞாபகம் வந்துச்சு.

அம்மா பீடி சுத்துனவ. எங்க பக்கத்துல வீட்டுக்கு வீடு அதான். மடியில சொளவு, அதுல வெட்டுன எல, தூளு, ஒரு ஓரத்துல நூலு. பகல்ல வீட்டு வேல, வயக்காட்டு வேல எல்லாம் போக ராத்திரி எட்டு மணிக்கு பட்டாசால்ல, அதான் வீட்டுக் கூடத்துல, குண்டு பல்புக்குக் கீழ ஒக்காந்தா ஆயிரம் தேறுத வர எந்திரிக்க மாட்டா. ஒரு கட்டுக்கு 25, ஆயிரத்துக்கு 40 கட்டு. நானும் அண்ணனும் தலை மடக்கிக் கொடுப்போம். பத்து மணிக்கு நான் அந்த மடக்குத கையோட அப்படியே சாஞ்சிருவேன், அண்ணன் பன்னெண்டு வர இருப்பான். அம்மா ஒண்ணு, ஒண்ணரை வர.

மறுநாள் பீடிக்கடையில கட்டப் பிரிச்சுப் பாத்து கழிச்சுப் போடுவாவ. லூசா இருக்கது, எல கிழிஞ்சது, தூளு கொறைஞ்சது. அம்மா திரும்பி வந்து கடைக்காரன வையுவா, "நல்லாத்தான் சுத்துனேன், வேணும்னே கழிக்கான்"னு. சில நேரம் வேணும்னே கழிச்சதும் உண்டு, இல்லைனு சொல்லல. ஆனா ஒரு தடவ, நான் ஒம்பதாப்பு படிக்கும்போது, சும்மா வெளையாட்டுக்கு, பதினொண்ணு மணிக்கு முன்னால சுத்துன கட்டுக்கு செவப்பு நூலு, அதுக்குப் பெறகு சுத்துனதுக்கு வெள்ள நூலு கட்டிக் கொடுத்தேன். கழிஞ்சு வந்ததுல செவப்பு ரெண்டு கட்டு, வெள்ள ஏழு கட்டு. அம்மா நம்பல. கையில எடுத்துப் பாத்தா, அமுக்கிப் பாத்தா, "இது நான் சுத்துனதே இல்ல"ன்னு சொல்லிட்டா.

அம்மா பொய் சொல்லல. ரொம்ப நாள் கழிச்சு அதே கணக்க ஒரு ஆராய்ச்சியில வாசிச்சேன். 2003ல அமெரிக்காவுல ஹான்ஸ் வான் டோங்கன், டேவிட் டிஞ்சஸ் இவுக குழு 48 பேர வச்சு, சிலபேர 4 மணி நேரம், சிலபேர 6 மணி நேரம், சிலபேர 8 மணி நேரம்னு 14 நாள் தூங்க வச்சு, இன்னும் சிலபேர 3 நாள் தூங்கவே விடாம, தினமும் பரீட்ச வச்சாவ. திரையில ஒண்ணு தெரிஞ்சதும் பட்டன அமுக்கணும், அவ்ளோதான், அரை செகண்டுக்கு மேல ஆச்சுன்னா தவறு. 8 மணி நேரம் தூங்குனவுகளுக்கு பெருசா ஒண்ணும் இல்ல. 6 மணி நேரத்துக்காரவுக நாளாக நாளாக எறங்கிக்கிட்டே போயி, ரெண்டு வாரம் முடியுத நேரத்துல ஒரு ராத்திரி பூரா தூங்காமலே முழிச்சவுக செய்யுத அளவு தப்ப செய்ய ஆரம்பிச்சிட்டாவ. இதுல பெரிய விசயம் என்னன்னா, ஒங்களுக்கு ஒறக்கமா இருக்கான்னு தினமும் கேட்டிருக்காவ, மொதல் கொஞ்ச நாளைக்கு ஆமா இருக்குன்னவுக, பெறகு பழகிப்போச்சு, பெருசா ஒண்ணும் இல்லன்னுட்டாவ. தப்பு மட்டும் கூடிக்கிட்டே போகு. எங்க அம்மா வெள்ள நூலு கட்ட கையில வச்சுக்கிட்டு நின்ன மாதிரியே. அளக்கத தராசே தூங்கிட்டுன்னா எடை எப்படித் தெரியும்.

இப்ப அண்ணன் விசயத்துக்கு வாரேன், அவன் ஏன் விசில் அடிச்சிக்கிட்டுப் போனான்.

ஆளுக்கு ஆள் ஒறக்கத்தத் தாங்குதது வேற வேறங்கது அனுபவத்துல தெரிஞ்சதுதான், ஆனா அது அன்னைக்கு அன்னைக்கு மாறுத விசயமா, இல்ல அந்த ஆளோட கொணமான்னு ஒரு கேள்வி. அதே வான் டோங்கன் குழு 2004ல ஒரே ஆளுகள தனித்தனி மூணு தடவ 36 மணி நேரம் முழிக்க வச்சுப் பாத்தாவ. மொத தடவ சாஞ்சவன் மூணு தடவையும் சாஞ்சான், தாங்குனவன் மூணு தடவையும் தாங்குனான். முன்னால ஒரு வாரம் நல்லா தூங்கிட்டு வந்தா கூட அந்த வித்தியாசம் அப்படியே நின்னுச்சு. அப்போ இது பழக்கம் இல்ல, வைராக்கியம் இல்ல, ஒசரம் கலரு மாதிரி ஒரு கொணம். 2012ல ரெட்டப் பிள்ளைக 100 ஜோடிய 38 மணி நேரம் முழிக்க வச்சு பாத்தாவ, ஒரே கருவுல பிரிஞ்ச ரெட்டையா இருந்தா ஒருத்தர் எவ்வளவு தடுமாறுனாரோ கிட்டத்தட்ட அதே அளவுக்கு மத்தவரும் தடுமாறுனாரு. வேற வேற கருவுல உண்டான ரெட்டையர்கிட்ட அந்த ஒத்துமை ரொம்பக் கம்மி. ஆக ரத்தத்துலயே இருக்கு.

எந்த ஜீனுன்னு கேட்டா, ரொம்பப் பேசப்பட்டது பெர்3. இந்தப் பெர் குடும்பமே ஒடம்புக் கடிகாரத்த ஓட்டுத ஜீனுக, 1971ல பழ ஈயில மொதல்ல பிடிச்சாவ, அது எப்படி வேல செய்யுதுன்னு கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2017ல நோபல் கொடுத்தாவ. மனுசங்க பெர்3ல ஒரு சின்ன துண்டு திரும்பத் திரும்ப வரும், சிலருக்கு 4 தடவ, சிலருக்கு 5 தடவ. அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, அப்பாகிட்டேர்ந்து ஒண்ணுன்னு ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு பிரதி. 2007ல இங்கிலாந்து சர்ரே பல்கலைக்கழகத்துல ரெண்டு பிரதியும் 5 உள்ளவுகளையும், ரெண்டும் 4 உள்ளவுகளையும் ஒரு நாளுக்கும் மேல முழிக்க வச்சாவ. 5க்காரவுக அந்த விடியக்காலத்துல ரொம்ப மோசமா விழுந்தாவ, ஆனா தூங்க விட்டா ஆழமா தூங்குதாவ. 4க்காரவுக அதே நேரத்துல சமாளிச்சிட்டாவ.

2009ல பெல்ஜியத்துல லியேஜ்ங்கிற ஊர்ல அதே மாதிரி ஆளுகள ஸ்கேன் மெசினுக்குள்ள படுக்க வச்சு, காதுல எழுத்த ஒண்ணு ஒண்ணா சொல்லி, மூணு எழுத்துக்கு முந்தி வந்ததும் இதுவும் ஒண்ணான்னு கேட்டு மூளையப் படம் பிடிச்சாவ. ராத்திரி முழிச்ச மறுநாள் காலைல, 5க்காரவுக மூளையோட முன்பக்கத்துல, அந்த கணக்கு வச்சுக்கிடுத எடத்துலயே வெளிச்சம் மங்கிப்போச்சு. 4க்காரவுகளுக்கு அது மங்காதது மட்டும் இல்ல, வழக்கமா அந்த வேலைக்கு வராத வேற பகுதியெல்லாம் தொணைக்கு வந்து நின்னுச்சு. கல்யாண வீட்டுல சமையக்காரர் அசந்துட்டா பக்கத்து வீட்டு அத்தை, மதினி எல்லாம் அருவாமனைய எடுத்துக்கிட்டு காய் வெட்ட ஒக்காந்திருவாவள்ளா, அது மாதிரி. அண்ணன் மூளையில நாலு அத்தைமாரு இருக்காவ. என் மூளையில சமையக்காரர் படுத்தா வீடே பட்டினி.

இத சொல்லி முடிச்சதும் இன்னொண்ணும் சொல்லிரணும், இல்லைனா தப்பாயிரும். நானும் அண்ணனும் ஜீன் டெஸ்ட் எதுவும் எடுக்கல, அவன் 4, நான் 5ங்கதெல்லாம் என் கற்பன. அதோட பெர்3 ஒண்ணே எல்லாத்துக்கும் காரணம்னு கிடையாது. ஒரேயடியா முழிக்காம, தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஒறக்கத்தக் கொறச்சுப் பாத்த ஒரு ஆராய்ச்சியில இந்த 4, 5 வித்தியாசம் பரீட்ச மார்க்குல தெரியவே இல்ல. அடினோசின் போயி ஒக்காருத நாற்காலிய செய்யுத ஜீனு, அத ஒடைக்கத என்சைமோட ஜீனு, கஃபீன ஈரல்ல கரைக்கத ஜீனுன்னு நெறைய பேரு சேந்து இழுக்க தேரு இது. அண்ணன் ராத்திரி ஒம்பது மணிக்கு ஸ்ட்ராங் டீ குடிச்சிட்டு ஒம்பதரைக்கு கொறட்ட விடுவான், நான் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒரு மொடக்கு குடிச்சா அன்னைக்கு ராத்திரி மோட்டு ஓட்ட எண்ண வேண்டியதுதான். அதுவும் ஆளுக்கு ஆள் ஜீன் வித்தியாசந்தான்.

இத எல்லாம் அண்ணன்கிட்ட வெளக்குனேன், அவன் கேட்டதெல்லாம் ஒண்ணுதான், "அப்போ நான் ஸ்பெசலு, அப்படித்தான?"

அவன் யூட்யூப்ல எங்கயோ பாத்திருக்கான், நாலு மணி நேரம் தூங்குனா போதும்னு பொறந்தவுக இருக்காவளாம், நான் அந்த ஜாதிங்கான். இருக்காவ, இல்லாம இல்ல. 2009ல கலிஃபோர்னியாவுல யிங்-ஹுய் ஃபூ குழு ஒரு தாயையும் மகளையும் கண்டுபிடிச்சாவ, ரெண்டு பேரும் சுமார் 6 மணி நேரந்தான் தூங்குதாவ, காலைல தானா எந்திரிக்காவ, பகல்ல ஒரு கொட்டாவி கிடையாது. டெக்2ங்கிற ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. 2019ல இன்னொரு குடும்பம், இன்னொரு ஜீனு. ஆனா 2022ல பிரிட்டன்ல லட்சக்கணக்கானவுக தகவல எடுத்துத் தேடிப் பாத்தா, இந்த மாதிரி மாற்றம் இருக்கவுக எல்லாரும் ஒண்ணும் கம்மியா தூங்கல, மத்தவுக மாதிரிதான் தூங்குதாவ. அதனால ஒரு எழுத்து மாறுனா ஒறக்கம் வேண்டாம்னு கணக்குப் போட முடியாது.

அண்ணன் அந்த ஜாதி இல்லங்கதுக்கு ஜீன் டெஸ்டே வேண்டாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்னுட்டு படுத்தான்னா சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எந்திரிப்பான். பஸ்ஸுல ஏறுனா பேட்டை தாண்டுததுக்குள்ள பக்கத்து ஆள் தோள்ல சாஞ்சிருவான். பொறப்புலயே கம்மி ஒறக்கம் போதும்னு இருக்கவுக ஞாயித்துக்கிழமை கடன் அடைக்க மாட்டாவ, அவுகளுக்கு கடனே கிடையாது. இவன் கடன் வாங்குத ஆளு, வட்டி கட்டுததக் கொஞ்சம் தள்ளிப்போட ஒடம்பு விடுது, அவ்ளோதான்.

அந்த 2004 ஆராய்ச்சியில இன்னொரு சங்கதி இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது. தாங்குதது ஒரே கொணம் இல்லையாம், மூணு தனித்தனி கொணமாம். ஒறக்கம் வருதுன்னு தனக்குத் தோணுதது ஒண்ணு, கவனம் பிசகாம இருக்கது ஒண்ணு, மண்டைய வச்சு கணக்குப் போடுதது ஒண்ணு. ஒண்ணுல தாங்குதவன் இன்னொண்ணுல விழலாம். கொடை மறுநாள் நம்ம ஸ்பெசல் ஆளு என்ன பண்ணுனான்னு ராத்திரிதான் தெரிஞ்சுது. ஆலங்குளத்துல தக்காளிப் பெட்டி ஏத்தும்போது இவன்தான் எண்ணியிருக்கான், 46ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கான். நயினார்குளம் மார்க்கெட்ல எறக்குனா 43. வழியில எங்கயும் விழல, ஏத்துனதே 43தான். மூணு பெட்டிக் காசு இவன் தலையில. விசில் அடிக்கது நிக்கல, எண்ணம் மட்டும் எங்கயோ தூங்கியிருக்கு.

எனக்கு நேர்மாறு. தக்காளிய நான் எண்ணியிருந்தாலும் தப்பாத்தான் எண்ணியிருப்பேன், ஆனா எனக்கு ஒறக்கம் வருதுன்னு எனக்கே தெரியும், எண்ண ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்.

ரெண்டு வருசம் நைட் ஷிஃப்ட் பாத்தேன் நானும், பாளையங்கோட்டையில ரூம் எடுத்துத் தங்கி. ராத்திரி ஏழரையிலேர்ந்து காலைல நாலரை. ரெண்டு மணி வர என் கோடு எல்லாம் சுத்தமா இருக்கும், அதுக்கு மேல எடது முழங்காலுக்கு வலது முழங்கால் கோட போட்டிருப்பேன். ஆடிட்ல மார்க் எறங்கும். டீம் லீடரு கூப்புட்டு "மத்தவங்க எல்லாரும் பண்ணலையா, ஒனக்கு மட்டும் என்னம்மா"ன்னாரு. எனக்குப் பதில் தெரியல அன்னைக்கு. பாத்ரூம்ல போயி அழுதேன். இப்ப தெரியுது அந்த அழுகைக்கும் காரணம் பாதி ஒறக்கந்தான்னு, 2007ல 35 மணி நேரம் முழிச்சவுக மூளையில பாத்திருக்காவ, பயம் கோவம் அழுகை எல்லாத்தையும் கிளப்பிவிடுத அமிக்டலாங்கிற பகுதி தூங்குனவுகள விட 60 சதவீதம் கூடுதலா துள்ளுது, அத அடக்குத முன்பக்க மூளைக்கும் அதுக்கும் தொடர்பு விட்டுப்போகுது. சம்பளத்துல கொஞ்சம் விட்டுக்கொடுத்து பகல் ஷிஃப்டுக்கு மாறிட்டேன். மாறுன மாசம் ஆடிட் மார்க் 98. ஆளு அதே ஆளு, முழங்காலு அதே முழங்காலு.

அந்த ரூம்ல என்கூட தங்கியிருந்த ஒரு பிள்ள, தென்காசிக்காரி, ரெண்டு வருசமும் ஒரு கோடு தப்பா போட்டதில்ல. அவள நெனச்சு நான் பொறாமப்பட்டிருக்கேன், என்னைய நெனச்சு வெக்கப்பட்டிருக்கேன். ரெண்டுமே தேவையில்லாத வேல.

இப்ப எனக்கு இருக்க கவல அண்ணன் வண்டிதான். 1997ல ஆஸ்திரேலியாவுல முழிச்சவுகளையும் குடிச்சவுகளையும் ஒரே பரீட்ச வச்சு ஒப்பிட்டாவ. 17 மணி நேரம் முழிச்சா ரத்தத்துல 0.05 சதவீதம் சாராயம் இருக்க ஆளு அளவுக்கு கை தடுமாறும், 24 மணி நேரம்னா 0.10. நம்ம நாட்டு சட்டத்துல 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 தாண்டுனாலே குடிச்சிட்டு ஓட்டுத கேசு. கொடை மறுநாள் ஆறு மணிக்கு அண்ணன் வண்டிய எடுக்கும்போது சரியா 24 மணி நேரம். சொட்டு தண்ணி போடாத ஆளு, சொடலைக்கு வெரதம் இருந்தவன், மூணு மடங்கு போதையில தென்காசி ரோட்டுல விசில் அடிச்சிக்கிட்டு. வண்ணார்பேட்டையில ஊதச் சொன்னா பூஜ்யம் காட்டும், ஒறக்கத்துக்கு ஊதுத மெசின் இன்னும் வரல.

ரெண்டு வருசத்துக்கு முன்னால சீதபற்பநல்லூர் தாண்டி விடியக்காலம் நாலேகாலுக்கு வண்டி ரோட்ட விட்டு எறங்கி வேலிக்காத்தான் முள்ளுல போயி நின்னிருக்கு. நாய் குறுக்க வந்துட்டுன்னு வீட்டுல சொன்னான். போன மாசந்தான் எங்கிட்ட மட்டும் ஒத்துக்கிட்டான், நாயெல்லாம் இல்ல பிள்ள, பாலத்தப் பாத்தேன், அடுத்து முள்ளப் பாத்தேன், நடுவுல ஒண்ணும் இல்லன்னான். நடுவுல ஒண்ணும் இல்லங்கதத்தான் மைக்ரோ ஸ்லீப்புங்காவ, ரெண்டு மூணு செகண்டு மூளை மொத்தமா அணைஞ்சு எரியுதது, கண்ணு தொறந்தே இருந்தாலும் இருக்கும். அறுபதுல போற வண்டி மூணு செகண்டுல 50 மீட்டர் போயிரும். கிட்டத்தட்ட எங்க தெரு நீளம்.

ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்டுல இருக்கும்போது இத எல்லாம் ஒக்காத்தி வச்சு சொன்னேன், பீடி நூல்லேர்ந்து தக்காளிப் பெட்டி வர, முள்ள மட்டும் விட்டுட்டேன். அண்ணன் பாதியில தூங்கிட்டான், சத்தியமா. பட்டாசால்ல பத்தமடைப் பாயில கால நீட்டி. மதினி மட்டும் கவனமா கேட்டா. அம்மா வெத்தலைய மடக்கிக்கிட்டே, "அப்போ ஒனக்கு இது யாரு வழி, எங்க வழியா அவிய வழியா"ன்னு ஆரம்பிச்சா, அவளுக்கு அதுதான் முக்கியம். பெறகு அவளே சொன்னா, அப்பாவப் பெத்த ஆச்சி கொடையன்னைக்கு வில்லடிக்குத மேடைக்கு நேர் கீழ, கொடத்துச் சத்தம் காதுல இடிக்க இடிக்க, எட்டு மணிக்கே முந்தானைய மூடிப் படுத்திரும், சாமக்கொடைக்கு யாராவது உருட்டித்தான் எழுப்பணும், அதுக்காகவே மாமியாகிட்ட அடி வாங்கியிருக்கு அந்த ஆச்சின்னு.

நாங்க பேசிக்கிட்டு இருக்கோம், அண்ணன் மக, ஒண்ணாப்பு படிக்கா, டிவி பெட்டிக்குப் பக்கத்துலயே கால மடக்கிப் படுத்து ஒறங்கிட்டு இருக்கா. சத்தம்னா சத்தம், ஏதோ பாட்டுப் போட்டி நடக்கு அதுல. அம்மா அவளப் பாத்தா, என்னையப் பாத்தா. மதினியும் பாத்தா.

கொஞ்ச நேரம் கழிச்சு மதினி மெதுவா கேட்டா, "அப்போ நாளைக்கு இவளயும் ஆறு மணிக்கு எழுப்பவா, வேண்டாமா?"

அம்மா டிவிய அமத்திட்டு, "ஏழு மணி ஆகட்டும்"ன்னா.